14 ஆண்டு பால்வாடி, ஓராண்டு பட்டயப் படிப்பு

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுப்பது என்ற திமிரோடுதான் குழந்தை, குடும்ப நலப் பட்டயப் படிப்பில் அஞ்சல் வழியில் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. சான்றிதழ் வாங்க இன்னொரு முறை அங்கே போக வேண்டியிருக்கிறது.

புத்தகங்கள் கைக்கு வந்தபோது முதல் ஒப்படைப்புக்கான கெடுவே முடிந்திருந்தது. வந்த புத்தகத்தின் தமிழோ யாருக்காக எழுதப்பட்டதோ தெரியவில்லை. ‘ஆரம்பகாலப் பற்றிணைவு உருவாக்கம்’ என்றால் தாயிடம் பிள்ளைக்கு உண்டாகும் ஒட்டுதல் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. சனிக்கிழமை வகுப்பில் அதையே வரி விடாமல் வாசித்தார்கள். ஊட்டச்சத்துப் பாடத்தில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கொடுத்த பணம் களப்பணியில்தான் செரித்தது. ஒரு பிள்ளையை நடுவில் வைத்து, அவனைச் சுற்றி வட்டம் வட்டமாக வரைய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் சொன்ன முறை. என் மையத்தில் 4 வயதுப் பையன் ஒருவன், காலை 10 மணிக்கே பாயில் சுருண்டுவிடுவான். முட்டையைக் கையில் பிடித்தபடியே தூங்கிய நாளும் உண்டு. பதிவேட்டில் ‘மந்தம்’ என்று நானே எழுதியிருந்தேன். அவனைத்தான் நடுவில் வைத்தேன். உள்வட்டத்தில் அம்மா, பாட்டி, எங்கள் மையம். அடுத்தடுத்த வட்டங்களில் ஒன்று, பிள்ளை கால் வைக்காத, ஆனாலும் அவனைப் பாதிக்கிற இடத்துக்கானது. அதில் எழுத ஒன்றும் தோன்றாமல் பாட்டியிடம் போய் நின்றேன்.

மகளுக்கு நூற்பாலையில் இரண்டாம் ஷிப்ட் என்றார். மில் பஸ் ஊருக்குள் வர இரவு பதினொன்றரை ஆகும். ஹாரன் கேட்கும்வரை பையன் வாசற்படியை விட்டு எழுந்திருக்க மாட்டானாம்.

மறுநாள் முதல் வேலையாக அந்தச் சொல்லை அடித்தேன். இப்போது அவனைத் தூங்கவிட்டு 12 மணிக்கு எழுப்பிச் சோறும் முட்டையும் கொடுக்கிறோம். உதவியாளர் அக்காவுக்கு இன்னும் அதில் முணுமுணுப்புதான்.

தேர்வில் வட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அங்கன்வாடித் திட்டம் தொடங்கிய ஆண்டைக் கேட்டிருந்தார்கள். 1975 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.