தின்னர் வாடைக்கு வாங்கிய முகக்கவசம்: மூன்று மாத அனுபவம்

பாளையங்கோட்டைப் பட்டறையில் 18 ஆண்டுகளாகக் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறேன். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நம்பியிருந்தேன். சாயங்காலம் ஆனால் தலைவலி, கிறுகிறுப்பு. பெயிண்டை இளக்கும் தின்னரில் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவி துணியில் நிற்பதில்லை. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இரண்டு வடிகட்டிகள் கொண்ட ரப்பர் முகக்கவசத்தை 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். வடிகட்டிக்குள் இருக்கும் கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) ஆவியைப் பிடித்துக்கொள்கிறது. பெயிண்ட் துளிகளைத் தடுக்க அதற்கு முன்னால் தனி வடிகட்டி வேண்டும். முதல் வாரத்திலேயே தலைவலி விட்டது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்றுப் புகும், நான் மழித்துவிட்டேன். சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை வழிகிறது, பட்டை காதோரம் அறுக்கிறது. வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் கரி வீணாகிவிடும். வாடை தெரியும்வரை காத்திராமல் நாள் கணக்கு வைத்து வடிகட்டியை மாற்றுகிறேன். ஒரு ஜோடி 500 ரூபாய்.

தின்னரில் கை கழுவுவதையும் நிறுத்திவிட்டேன். அது தோல் வழியாகவும் ஏறும். பட்டறைப் பையனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு வயது 19.