வக்கீலுக்கு ரீட்டெய்னர் (முன்பணம்) கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

7,500 டாலர் போய்விட்டது. நியூ ஜெர்சியில் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்காகப் பள்ளியோடு மல்லுக்கட்டும் நம் பெற்றோர் வேறு யாரும் இப்படி மாட்டக் கூடாது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மகனுடைய ஐ.இ.பி.யில் (பள்ளி அவனுக்கென எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) பேச்சுப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். சிறப்புக் கல்வி வழக்கு மட்டுமே எடுக்கும் ஒரு சிறிய வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம். அந்த வக்கீலம்மா அவனுடைய பரிசோதனை அறிக்கையை வரிவரியாகப் படித்தார். "இது அவன் உரிமை. நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்" என்றார். பள்ளியில் ஒருவர்கூட எங்களிடம் அப்படிப் பேசியதில்லை. என் மனைவிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "ஜெயித்தால் என் ஃபீஸைப் பள்ளி மாவட்டமே தந்துவிடும்" என்றும் சொன்னார். அன்றைக்கே 7,500 டாலர் கட்டினோம்.

ஐ.டி.இ.ஏ. என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் அதற்கு வழி இருப்பது உண்மைதான். ஆனால் வழக்கில் ஜெயித்த பிறகு, நீதிமன்றம் சரி என்றால்தான். இடையில் சமரசமாகப் போனால், ஃபீஸும் சமரசத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் தரப்பு நிபுணருக்குக் கொடுக்கும் பணம் அதில் சேராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லிவிட்டது. இதில் ஒன்றைக்கூட அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் உதவியாளர்தான். "மேடம் ஹியரிங்கில் இருக்கிறார்." "உங்கள் ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்." ஐ.இ.பி. கூட்டத்துக்கு வருகிறேன் என்றவர் வரவேயில்லை. பள்ளிக்கு ஒரு கடிதம் போனது, அவ்வளவுதான். கடைசியில் பில் வந்தது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஆறு நிமிட வேலை என்று கணக்கு. மேடம் எப்போது பேசுவார் என்று நாங்கள் கேட்ட போனுக்கும் காசு! மீதி எதுவும் இல்லையாம், மேலே வேலை நடக்க இன்னும் 5,000 கட்ட வேண்டுமாம். ஒரே ஒரு கடிதத்துக்கு 7,500 டாலர். பிள்ளைக்குப் பயிற்சி இன்னும் பாதிதான்.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. ரீட்டெய்னர் வெறும் முன்பணம், மொத்தக் கட்டணம் இல்லை. வேலை செய்யாத பாக்கியை அவர்கள் திருப்பித் தர வேண்டும். முன்பணத்தை டிரஸ்ட் கணக்கில் (வக்கீலின் சொந்தப் பணத்தோடு கலக்காத தனிக் கணக்கு) வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மணிக்கு எவ்வளவு, உதவியாளருக்கு எவ்வளவு, எதற்கெல்லாம் பில் வரும் என்பதையும் சேர்த்து. மாதாமாதம் பில் கேளுங்கள். பள்ளியோடு மத்தியஸ்தம் பேசக் கட்டணமே கிடையாது, முதலில் அதைப் பாருங்கள். பில்லில் தகராறு வந்தால் நியூ ஜெர்சியில் கட்டண நடுவர் குழு இருக்கிறது. நாம் கேட்டால் வக்கீல் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த விண்ணப்பத்தைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.