ஃபின்டெக் சங்கத்தில் சேர்வதென்றால்: ஃபேஸா, யூஎஃப்எஃப்பா?

கிண்டியில் 17 பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. மளிகைக்கடை, பெயின்ட் கடை, எலக்ட்ரிகல் கடைக்காரர்களுக்கு ஆப் வழியாகக் கடன் ஏற்பாடு செய்து தருகிறோம். பணம் எங்களுடையதில்லை, ஒரு என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) தருகிறது. ஆளைப் பிடிப்பது, பேப்பர் சரிபார்ப்பது, தவணை வசூலிப்பது எங்கள் பாடு. எங்களைப் போன்றவர்களை ரிசர்வ் வங்கி எல்எஸ்பி (லெண்டிங் சர்வீஸ் புரொவைடர்) என்கிறது. போன வருஷம் அந்த என்பிஎஃப்சியில் ரிஸ்க் பார்க்கிற மேடம், "நீங்க எந்த அசோசியேஷன்ல இருக்கீங்க சார்?" என்று கேட்டார். எதிலும் இல்லை. அன்றைக்குத் தேட ஆரம்பித்தோம்.

பொதுவான விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். ஃபின்டெக் கம்பெனிகளுக்கு, அதாவது டெக்னாலஜி வழியாக நிதிச் சேவை தருகிறவர்களுக்கு, இருக்கும் இந்தச் சங்கங்கள் எல்லாமே லாப நோக்கமில்லாத அமைப்புகள். சேர்ந்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. சந்தா உண்டு, கூட்டங்கள் உண்டு, குரூப் போட்டோ உண்டு. இதை வைத்தெல்லாம் தேர்ந்தெடுக்க முடியாது.

2004-இலிருந்து இருக்கும் ஐஏஎம்ஏஐ (இன்டர்நெட் அண்ட் மொபைல் அசோசியேஷன் ஆஃப் இந்தியா) பெரிய கூடாரம். இணையத் தொழில் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. வாலட், பேமென்ட் கேட்வே நடத்துகிறவர்களுக்கு அங்கே பேமென்ட்ஸ் கவுன்சில் இருக்கிறது. சின்னக் கடன் கம்பெனியான நாங்கள் அதில் சேர்வது, ஆயிரம் பேர் கூடிய கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்வது மாதிரி. மிஞ்சியவை இரண்டு.

முதலாவது யூனிஃபைட் ஃபின்டெக் ஃபோரம், சுருக்கமாக யூஎஃப்எஃப். 2016-இல் டிஜிட்டல் லெண்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவாகத் தொடங்கியது. பழைய ஆட்கள் இன்னும் டிஎல்ஏஐ என்றுதான் சொல்கிறார்கள். தொழிலில் இருப்பவர்களைப் பார்க்க, பழக, தொழிலின் கஷ்டத்தை மேலே எடுத்துச் சொல்ல நல்ல இடம். புதிதாக என்பிஎஃப்சி கூட்டாளி தேடுகிற கம்பெனி என்றால் தயங்காமல் இங்கே போகச் சொல்வேன்.

ஆனால் மேலே எடுத்துச் சொல்வதில் ஒரு சங்கதி இருக்கிறது. கடன் வாராக்கடனானால் எல்எஸ்பி எவ்வளவு வரை பொறுப்பேற்கலாம் என்பது ரொம்ப நாள் குழப்பமாகவே இருந்தது. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி, கடன் தொகுப்பில் 5 சதவீதம் வரை உத்தரவாதம் தரலாம், அதுவும் ரொக்கமாகவோ, லியன் போட்ட (கடன் கொடுத்தவர் பேரில் பிடித்துவைத்த) எஃப்டியாகவோ, வங்கி கேரண்டியாகவோ இருக்கவேண்டும் என்று தெளிவாக்கியது. எங்கள் எஃப்டி ஒன்று இன்றும் அந்த என்பிஎஃப்சி பேரில் லியனில்தான் கிடக்கிறது. அப்போது நாங்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை, பத்து பைசா சந்தா கட்டவில்லை. விதி எங்களுக்கும் வந்துவிட்டது. யார் போய்ப் பேசினாலும் மழை எல்லார் வயலுக்கும்தான். அப்புறம் அதற்காக ஏன் தனியாகச் சந்தா கட்டவேண்டும் என்று எங்கள் பார்ட்னர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது ஃபேஸ் (ஃபின்டெக் அசோசியேஷன் ஃபார் கன்ஸ்யூமர் எம்பவர்மென்ட்). 2020-இல் தொடங்கிய இளைய சங்கம். 2024 மே மாதம் ஃபின்டெக் துறைக்கான சுயஒழுங்கு அமைப்புகள் (தன் உறுப்பினர்களைத் தானே கண்காணிக்கும் சங்கங்கள்) எப்படி இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி வரையறை போட்டது. மூன்று விண்ணப்பங்கள் போயின. அந்த ஆகஸ்ட் 28-ஆம் தேதி, மும்பையில் நடந்த குளோபல் ஃபின்டெக் ஃபெஸ்டில் அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் கணக்கைச் சொன்னார்: ஒன்றுக்கு அங்கீகாரம், ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது, ஒன்று பரிசீலனையில். அங்கீகாரம் கிடைத்தது ஃபேஸுக்கு.

அங்கீகாரம் என்றதும் சுவரில் மாட்டும் சர்டிபிகேட் என்று நினைக்கவேண்டாம். அந்த வரையறையைப் படித்தால் விஷயம் வேறு. அங்கீகாரம் பெறும் சங்கத்தின் போர்டில் தலைவர் உட்பட மூன்றில் ஒரு பங்கினர் எந்த ஃபின்டெக் கம்பெனியோடும் தொடர்பில்லாதவர்களாக இருக்கவேண்டும். அந்தச் சங்கத்தின் பங்கில் 10 சதவீதத்தை எந்த ஒரு கம்பெனியும் எட்டக்கூடாது. உறுப்பினர்களுக்கு நடத்தை விதி வகுக்கவேண்டும், மீறினால் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், வெளியேற்றலாம். அதாவது நாம் சந்தா கட்டி நம்மையே கேள்வி கேட்க ஆள் வைத்துக்கொள்கிறோம். பார்ட்னர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்: சேர்ந்த பிறகு வருஷம் முழுக்க என்ன பராமரிப்பு? வீடு கட்டுவது ஒரு தடவை. வெள்ளையடிப்பதும் ஒழுகலை அடைப்பதும்தான் ஓயாத வேலை. யூஎஃப்எஃப்பில் பராமரிப்பு குறைவு, கூட்டத்துக்கு ஆள் அனுப்பினால் போதும். ஃபேஸில் விதியை அன்றாடம் கடைப்பிடித்து, அதற்கு ஆதாரமும் வைத்திருக்கவேண்டும். முதல் பார்வையில் யூஎஃப்எஃப்தான் லாபம். ஆனால் அந்த ஆதாரம் எல்லாமே என்பிஎஃப்சி எப்படியும் நம்மிடம் கேட்கிறவைதான். ஆப் காண்டாக்ட் லிஸ்டைத் தொடவில்லை என்பதற்கு, வட்டியும் கட்டணமும் சேர்ந்த மொத்தச் செலவைக் காட்டும் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்ததற்கு, புகாருக்கு 30 நாளுக்குள் பதில் போனதற்கு. செய்தே ஆகவேண்டிய வேலையை ஒரு ஒழுங்கில் செய்யவைக்கிற இடத்துக்குச் சந்தா கட்டினால் தண்டமில்லை.

விண்ணப்பிப்பதற்கு முன் நாங்களே ஒரு எக்ஸெல் ஷீட் போட்டோம். இடப்பக்கம் விதி, வலப்பக்கம் ஆதாரம். வசூல் போன் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போகக்கூடாது என்ற வரியில் மாட்டிக்கொண்டோம். வசூலுக்கு வைத்திருந்த ஏஜென்சியின் கால் லாக்கை வாங்கிப் பார்த்தால், விழுப்புரம் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவருக்கு மாலை 7.20, 7.41, 8.05 என்று ஒரே நாளில் மூன்று கால். நிலுவை 1,850 ரூபாய். ரெக்கார்டிங்கை நான் போட்டுக் கேட்டேன். "அண்ணே, கடை சாத்திட்டு இருக்கேன், காலையில கட்றேன்" என்கிறார் அவர். மூன்று தடவையும் அதையே சொல்கிறார். மறுநாள் காலை கட்டியும் இருக்கிறார். புகார் எதுவும் கொடுக்கவில்லை, அதனால்தான் எங்களுக்குத் தெரியவேயில்லை. 2003-இலேயே கந்துவட்டிக்குத் தனிச் சட்டம் போட்ட ஊர் இது. 2025-இல் கட்டாய வசூலுக்கும் சட்டம் வந்துவிட்டது. அவர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் எங்கள் நிலைமை என்ன ஆகியிருக்கும்?

ஃபேஸில் சேர்ந்தோம். ஒரு வருஷம் இன்னும் ஆகவில்லை, அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உறுப்பினர் தப்பு செய்தால் நடவடிக்கை எவ்வளவு கறாராக இருக்கும் என்பதை நான் நேரில் பார்த்ததில்லை. யூஎஃப்எஃப்பில் உறுப்பினராக இருந்ததில்லை. அதைப் பற்றி எழுதியது வெளியிலிருந்து பார்த்தும், அங்கே இருக்கும் நண்பர்களிடம் கேட்டும்தான். இரண்டிலும் இருக்கிறவர்கள் உண்டு, பெரிய கம்பெனிக்கு அது கட்டுப்படியாகும். அங்கீகாரம் ஒரே சங்கத்தோடு நிற்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லவில்லை. ஃபின்டெக் கடன் தொழிலில் இன்னொன்றுக்கும் கிடைத்தால் இந்தக் கணக்கை மறுபடி போடுவேன்.

ஏஜென்சியை மாற்றிவிட்டோம். வசூல் கால்களைப் போடும் டயலர் இப்போது மாலை 6.55-க்குத் தானாக நின்றுவிடுகிறது. வசூல் பையன்கள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். மாசக் கடைசி வாரத்தில் மட்டும் என்னை முறைத்துக்கொண்டே போகிறார்கள்.