விசுவல் சாம்பிள் பிளான்: வன்னியில் பாவித்த அனுபவம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கிணற்றுநீரும் வயல்மண்ணும் சோதிக்கும் வேலைக்கு இந்த மென்பொருளைத்தான் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். அமெரிக்காவின் பசிபிக் நோர்த்வெஸ்ட் தேசிய ஆய்வுகூடம் உருவாக்கியது, இலவசம், விண்டோஸுக்கானது. எத்தனை மாதிரி, எந்த இடத்தில் என்ற இரண்டையும் புள்ளிவிபரக் கணக்கோடு தரும்.

'எத்தனை' என்பதில் இது கெட்டிக்காரன். ஊருக்குப் பத்துப் போத்தல் என்ற பழைய வழக்கத்துக்கு இதனிடம் இடமில்லை. புளோரைட்டை எடுங்கள். இலங்கைக் குடிநீர் நியமப்படி லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை. சராசரி அதைத் தாண்டுகிறதா என்று பார்க்கப் போனால், எவ்வளவு தவறைத் தாங்குவாய் என்றுதான் முதலில் கேட்கும். தாண்டியதைத் தாண்டவில்லை என்பது, தாண்டாததைத் தாண்டியது என்பது ஆகிய இரண்டு தவறுகளில் ஒன்றுக்கு 5 வீதம், மற்றதற்கு 10 வீதம் என்று கொடுக்கிறோம். கிணற்றுக்குக் கிணறு உள்ள நியம விலகல் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது), நாம் பிடிக்க நினைக்கும் வித்தியாசத்துக்குச் சமமானால் 10 மாதிரி போதும். விலகல் இரண்டு மடங்கானால் 36! அதனால் இரணைமடு வாய்க்காலடிக் கிணறுகளையும் மேட்டுக்காணிக் கிணறுகளையும் ஒரே கூடையில் போடாமல் தனித்தனியாகத் திட்டமிடுவது நல்லது. ஒரு மாதிரிக்கு எவ்வளவு செலவு என்று கொடுத்தால் மொத்தக் கணக்கும் உடனே திரையில் வரும். காசு தருபவர்களோடு பேச இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

'எங்கே' என்பதில்தான் இழுபறி. வரைபடத்தில் அது போடும் புள்ளியில் கிணறு இருக்காது. சிலவேளை குளத்துக்கு நடுவே விழும். அதனால் கிணறுகளுக்கு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, கிராம சேவையாளர் பிரிவுப் பட்டியலில் குலுக்கல் முறையில் தெரிவு செய்கிறேன். "தம்பி, எங்கட கிணறுதான் சவர். அதை விட்டிட்டு ஏன் பக்கத்து வளவுக்குப் போறியள்?" என்று விசுவமடுவில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய கிணற்றிலும் எடுத்தோம். ஆனால் குலுக்கலில் வராததால் சராசரிக் கணக்கில் சேர்க்கவில்லை.

வயலுக்கு இதன் சதுரக் கட்ட முறை நன்றாக உதவும். மருந்து டாங்கி கழுவி ஊற்றிய இடம் மாதிரிச் சின்னச் சின்ன நச்சுத்திட்டைத் தேடும்போது, 10 மீற்றர் இடைவெளியில் எடுத்தால் ஏறக்குறைய 6 மீற்றர் ஆரையுள்ள வட்டம் அகப்படும் வாய்ப்பு 95 வீதம். அதைவிடச் சிறியது தப்பக்கூடும். ஒரு ஏக்கருக்கே 40 மாதிரி வரும், சரி, மிச்சத்தை ஆய்வுகூடக் கட்டணம் முடிவு செய்துவிடும்.

மிதிவெடி அகற்றாத காணி எது என்று இதற்குத் தெரியாது. அந்தத் துண்டுகளைப் புள்ளி போடுவதற்கு முன்பே வரைபடத்திலிருந்து வெட்டி எறிந்துவிட வேண்டும். முடிவும் மிச்சக் காணிக்கு மட்டும்தான் என்று அறிக்கையில் எழுதவும் வேண்டும். வெடிக்காத குண்டுகளுக்கென்று உள்ளே ஒரு பகுதி இருக்கிறது. அது குண்டு விழுந்த பரப்பைத் தேடும் அளவீட்டைத் திட்டமிட. கால் வைக்கலாமா என்று கேட்க அல்ல.

வரைபடத்தை யூடிஎம் 44 வடக்கு (இலங்கை விழும் வரைபட ஆள்கூற்று வலயம்), மீற்றர் அளவில் ஏற்றினால் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போக வைப்பது சுலபம். காலபோக மழைக்கு முன்னும் பின்னும் நீர் மாறுவதை அது யோசிக்காது, இரண்டு சுற்றாக நீங்கள்தான் பிரிக்க வேண்டும். அப்புறம், இருபது கிணறு மட்டுமே உள்ள சின்ன ஊரென்றால் இதைத் திறக்கவே வேண்டாம். இருபதிலும் அள்ளிக்கொண்டு வாருங்கள்.