புரட்டாதியில் எட்டாது, மார்கழியில் மூழ்கும்: வன்னி வீட்டுக் கிணற்றுக்கு எந்த மோட்டர்?

எங்கள் கிணறு 32 அடி. மார்கழியில் கிணற்றுக் கட்டில் நின்று குனிந்தே வாளியால் அள்ளலாம். புரட்டாதியில் தண்ணீர் 27, 28 அடிக்கு இறங்கிவிடும். வன்னியில் மோட்டர் வாங்கப் போகிறவர் கடையில் விலை கேட்க முதல், இந்த இரண்டு மாத அளவையும் கயிறு விட்டுப் பார்த்து வைத்திருக்க வேண்டும். எந்த மோட்டர் நல்லது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் கயிற்றில் இருக்கிறது. மீதிப் பாதி, றோட்டில் வெள்ளம் நிற்கிற நாளில் அது பழுதானால் யார் திருத்துவது என்பது.

முதலில் கிணற்றுக் கட்டில் வைக்கிற சாதாரண மோட்டர். அது குழாயில் உள்ள காற்றை அகற்ற, வெளிக்காற்றின் அமுக்கம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அமுக்கம் கணக்குப்படி 10.3 மீற்றருக்கு மேல் தள்ளாது. புட் வால்வு (தண்ணீர் திரும்பி இறங்காமல் குழாயின் அடியில் பூட்டுகிற வால்வு), குழாய் வளைவுகள், உராய்வு எல்லாம் கழித்தால் கைக்கு வருவது 25 அடிவரைதான். அரைக் குதிரைவலுவுக்குப் பதில் 2 குதிரைவலு வாங்கினாலும் இந்த எல்லை நகராது. புரட்டாதியில் மோட்டர் ஓடியும் தண்ணீர் வராததற்குப் பெரிய மோட்டர் வாங்கிய பலரை எனக்குத் தெரியும். காசு போனதுதான் மிச்சம்.

நாங்கள் செய்தது வேறு பிழை. கிணற்றுக்குள் ஐந்து அடி கீழே ஒரு தட்டுக் கட்டி மோட்டரை அதில் இறக்கினோம். புரட்டாதி சுகமாகப் போனது. 2018 மார்கழியில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த வெள்ளத்தில், ஒரே இரவில் தண்ணீர் தட்டைத் தாண்டியது. விடிய எழும்பி சுவிச்சில் கை வைக்கப்போக, பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து, "அண்ணை, போடாதேங்கோ, மெயினை நிப்பாட்டுங்கோ" என்று கத்தினான். அவன் சொன்னதுதான் சரி. மூழ்கிய மோட்டருக்குக் கரண்ட் கொடுத்தால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, அதாவது வைண்டிங், எரியும். நனைந்த கிணற்றடியில் ஆளுக்கும் ஆபத்து. கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு கழுவி, நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டு, மின் காப்பை மீற்றர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும். எங்களுடையது பெயாரிங் மட்டும் மாற்றியதோடு தப்பியது.

இருந்தும் நான் இந்த மோட்டரின் பக்கம்தான். இதன் பழுதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். காலையில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கிறது என்றால், ஊற்றுகிற வாயை நிரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால் பெரும்பாலும் புட் வால்வில் மண்ணோ இலையோ சிக்கியிருக்கும். இறங்காமல் நின்றும் இழுக்கவில்லை என்றால், நீர்மட்டம் எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். எட்டினால் இழுவைக் குழாயின் மூட்டு ஒன்றில் காற்றுப் போகிறது. வெளியே வரும் தண்ணீரில் குமிழி தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். சுவிச் போட்டதும் ஓடாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். மெயினையும் நிறுத்திவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலாவிட்டால் உள்ளே துருவோ சுண்ணாம்போ இறுகியிருக்கிறது. இலகுவாகச் சுழன்றால் பெரும்பாலும் மோட்டரைத் தொடக்கிவிடுகிற கபாசிற்றர்தான் பழுது. அதில் எழுதியிருக்கும் அளவிலேயே புதியதை வாங்கிப் போடலாம். மின்சாரம் தேங்கி நிற்கும் சாமான் அது, கம்பிகளை வெறுங்கையால் தொடக்கூடாது. பம்புக்கும் மோட்டருக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் சீல் போய்விட்டது. சொட்டுத்தானே என்று விட்டால் அடுத்தது பெயாரிங்.

இன்னொன்று வயர். வன்னி வளவுகளில் கிணறு வீட்டிலிருந்து நூறு, நூற்றைம்பது அடி தள்ளி இருக்கும். லைட்டுக்குப் போடும் 1/1.13 வயரை (1.13 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி) அவ்வளவு தூரம் இழுத்தால் அழுத்தம் குறைந்து மோட்டர் சூடாகும். 7/0.67 (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்த தடித்த வயர்) இழுங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் லைட் எரிகிற நேரத்தை விட்டு, விடியற்காலையில் தாங்கியை நிரப்புங்கள்.

தண்ணீருக்குள் இறக்குகிற மோட்டருக்கு 25 அடி எல்லை கிடையாது. கீழிருந்து தள்ளுவதால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, வெள்ளமும் அதை ஒன்றும் செய்யாது. வவுனியாப் பக்கம் பாறைக்குள் போன குழாய்க்கிணறுகளுக்கு இதை விட்டால் வழியில்லை. ஆனால் அதன் பழுது கண்ணுக்குத் தெரியாது. கயிற்றில் தூக்கி, நகரத்து வைண்டிங் கடைக்குக் கொண்டுபோய், அவர் சொல்கிற நாள்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வற்றி வெறுமையில் ஓடினால் சீல் கருகும். தண்ணீர் குறைந்ததும் தானாக நிறுத்துகிற மிதவைச் சுவிச் இல்லாமல் வாங்கவே வேண்டாம். அடியிலிருந்து ஒன்றிரண்டு அடி உயர்த்தி நைலோன் கயிற்றில் தொங்கவிடுங்கள், வயரில் தொங்கவிடாதீர்கள். போட்டவுடன், மின் கசிந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிச் விழுந்தால் வயர் மூட்டுக்குள்ளோ மோட்டருக்குள்ளோ தண்ணீர் போயிருக்கும். ட்ரிப்பை விலக்கி நேரடியாகக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. குளிக்கிற கிணற்றில் அது உயிரைப் பறிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எண்ணெய் மெசினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கச்சானும் மிளகாயும் வைக்கிறவர் எல்லோருக்கும் தெரிந்த சாமான். பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவோம். 2022இல் கானோடு வரிசையில் நின்றவர்கள் அன்றாடத் தண்ணீருக்கு அதை நம்பமாட்டார்கள். ஆனால் வெள்ளத்தில் கரண்ட் நின்றுபோன வீட்டு முற்றத்தை இறைக்க அதுதான் கை கொடுக்கும். உறிஞ்சு குழாயின் முனையைப் பிளாஸ்ரிக் கூடைக்குள் வைத்தால் சருகு அடைக்காது. வேலை முடிந்ததும் எண்ணெயை மூடிவிட்டு மெசினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றருக்குள் எண்ணெய் பிசினாகாது. மெசினைக் கிணற்றுக்குள் இறக்க மட்டும் வேண்டாம். அதன் புகை உள்ளே தேங்கும், பின்னால் இறங்குகிறவர் மயங்கி விழுவார்.

வெள்ளம் வடிந்ததும் எந்த மோட்டராலும் கிணற்றை ஒரே மூச்சில் இறைத்து முடிக்க அவசரப்படக்கூடாது. சுற்றியுள்ள மண் ஊறி நிற்கும்போது உள்ளே வெறுமையானால் கட்டு இடிந்து விழலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் அளவு மீறி இறைத்த கிணறுகளில் உப்புநீர் மேலும் ஏறியது. முல்லைத்தீவுக் கரையோரத்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அயல் நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, பிறகு குளோரின் இடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மோட்டர் திரும்பவும் கட்டுக்கு மேலே, கூரை போட்டு நிற்கிறது. ஆவணி கடைசியில் அரைக் குதிரைவலு நீர்மூழ்கி ஒன்றை இறக்குவோம், கார்த்திகையில் தூக்கிக் கழுவி வீட்டுக்குள் வைப்போம். மெசின் பக்கத்து வீட்டுத் தம்பியுடையது. பிளக்கும் எண்ணெயும் எங்கள் கணக்கு.