எயார் ரைபிளுக்கு வீட்டிலயே கறுப்பு ஏத்தினது: பெர்மா ப்ளூ போத்தல் எப்பிடி?

குஞ்சியப்பாட்ட ஒரு பழைய ஜேர்மன் டயானா எயார் ரைபிள் கிடக்கு. பெர்மிட் எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கிறார், பின்வளவில பால்பேணி அடுக்கி வச்சுச் சுடுறதோட சரி. ஆனா வீடு யாழ்ப்பாணத்தில, பண்ணைக் கடலுக்குக் கூப்பிடு தூரம், உப்புக்காத்து இரும்பைச் சும்மா விடுமோ, லோட் பண்ணக் குழலைப் பிடிச்சு மடிக்கிற இடத்தில கறுப்பு முழுக்கப் போய் வெள்ளை இரும்பு தெரியுது, அதுக்கு மேல கறள் புள்ளி புள்ளியா. அவர் வருசக்கணக்கா தேங்காயெண்ணெய் பூசித்தான் துடைச்சு வந்தவர், அது நாள் போகப் பிசுக்காகித் தூசியைத்தான் பிடிச்சு வச்சிருந்தது.

கொழும்பில ஒரு கடையில பேர்ச்வூட் கேசின்ர பெர்மா ப்ளூ எண்ட கோல்ட் ப்ளூ (cold blue, கொதிக்க வைக்காமப் பூசிக் கறுப்பாக்கிற மருந்து) போத்தல் வாங்கினன். சின்னப் போத்தல், விலை கொஞ்சம் கையைக் கடிச்சதுதான். இதைப் பெயின்ற் எண்டு நினைச்சு வாங்காதேங்கோ. செலினியமும் செம்பு உப்பும் கலந்த அசிட் மருந்து, இரும்பில பட்டவுடன மேல்தோலைக் கறுப்பாக்கும். கொம்பனியில செய்யிற ஹொட் ப்ளூ வேற, அது கோஸ்டிக் சோடாவும் நைற்றேற்றும் கலந்த தண்ணியை 140 பாகைக்குக் கிட்டக் கொதிக்க வச்சு அதுக்குள்ள முக்கி எடுக்கிறது, அதை வீட்டுக் குசினியில செய்ய நினைக்கவே வேண்டாம், தெறிச்சாக் கண் போயிடும்.

முதல் தரம் நான் செய்தது பாழாப் போச்சு, பிழை முழுக்க என்னிலதான். பெற்றோல் துணியால ஒருக்காத் துடைச்சிட்டு, வெறுங்கையால பிடிச்சுக்கொண்டே பூசினன். காய்ஞ்ச பிறகு பாத்தா என்ர பெருவிரல் ரேகை அப்பிடியே வெள்ளையா நிக்குது, மற்ற இடமெல்லாம் திட்டுத் திட்டா ஒரு சாம்பல் நிறம். குஞ்சியப்பா பாத்திட்டு "தம்பி, இதுக்குக் கறளே வடிவா இருந்தது" எண்டார். மனம் சரியா நொந்து போச்சு, ஏனெண்டா அது அவற்ற அப்பா வாங்கின துவக்கு.

ரெண்டாந்தரம் அவசரப்படேல்லை. முதல்ல குழலை மடிச்சு உள்ளுக்கு குண்டு இல்லை எண்டு பாத்து, மரக்கட்டையை மட்டும் கழட்டினன். சிலிண்டருக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் எப்பவும் அமத்தின படி நிக்கும், அதுக்கான கருவி இல்லாமக் கழட்டினா மூஞ்சியில அடிக்கும், அதால அதைத் தொடவே இல்லை. பழைய கறுப்பும் கறளும் போக வினாகிரித் துணியைச் சுத்தி வச்சன், பிறகு 400, 600 நம்பர் வோட்டர் பேப்பரால (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்ச்சன், எல்லாம் ஸ்ரான்லி வீதியில வாங்கினதுதான். ஒரு விசயம் கவனம்: சீரியல் நம்பர் அடிச்சிருக்கிற இடத்தில பேப்பர் படவே கூடாது. நம்பர் அழிஞ்சாப் பெர்மிட்டோட பொருந்தாது, எங்கட ஊரில அதைவிடப் பெரிய தலையிடி வேற இல்லை. வில்லைத் தூக்கி எறிஞ்சிட்டு ரைபிளைத் தலைக்கு மேல பிடிச்சு நிக்கிற அந்த டயானா அம்மன் முத்திரையையும் நான் தொடேல்லை, அதைத் தேய்க்கக் கை வருமோ.

பிறகு கிளவுஸ் போட்டுக்கொண்டு அசிற்றோனால மூண்டு தரம் துடைச்சன், பஞ்சு வெள்ளையாவே வருமட்டும். குழல் வாயையும் காத்து வாற ஓட்டையையும் அடைச்சுப் போடுங்கோ, மருந்து உள்ளுக்குப் போகக் கூடாது. இரும்பைக் கொஞ்ச நேரம் வெயில் படுற ஜன்னலடியில வச்சுச் சூடாக்கினாப் பிறகு பூசுங்கோ, சூட்டில நல்லாப் பிடிக்குது. ஒரே பக்கமா இழுத்துப் பூசி, ஒரு நிமிசம் விட்டு, கழுவித் துடைச்சு, மெல்லிய ஸ்டீல் வூலால மெதுவா உரசி, திரும்பப் பூச வேணும். நான் அஞ்சு தரம் பூசினன். மூண்டாவதிலதான் சாம்பல் போய் நீலக் கறுப்பு வரத் தொடங்கினது, அந்த நேரம் வந்த சந்தோசத்தைச் சொல்லேலாது.

கழுவுறதுக்கு எங்கட கிணத்துத் தண்ணி சரிவராது. சுண்ணாம்புக்கல் தண்ணி, காய்ஞ்சா வெள்ளைக் கறை விழும். பட்டரிக்கு விடுற டிஸ்டில்ட் தண்ணி வாங்கினன். அதைவிட முக்கியம், கிணத்தடியில வச்சுக் கழுவவே வேண்டாம், செலினியம் நஞ்சு, எங்கட மண்ணில ஊத்தினது நேர கிணத்துக்குத்தான் இறங்கும், அதைத்தான் குடிக்கிறம். கழுவின தண்ணியையும் பஞ்சையும் ஒரு பிளாஸ்ரிக் கானில விட்டு மூடி, பிள்ளையளுக்கு எட்டாத இடத்தில வச்சிருக்கிறன்.

முடிஞ்சவுடன நல்லா எண்ணெய் பூசி ஒரு இரவு விட வேணும், இல்லாட்டி மிஞ்சின அசிட்டால விடியக் காலமை செம்மஞ்சளாக் கறள் நிக்கும். துவக்கு எண்ணெய், இல்லாட்டித் தையல் மெசின் எண்ணெய் போதும், வெளியில மட்டும். சிலிண்டருக்குள்ள எண்ணெய் போனாச் சுடேக்க டீசல் இஞ்சின் மாதிரி உள்ளுக்குப் பத்தி வெடிக்கும், ஸ்பிரிங்கும் சீலும் பழுதாப் போகும்.

என்ர கணக்கில, தேய்ஞ்ச இடத்தையும் கீறலையும் மறைக்க இது நல்ல சாமான், வாங்கலாம். முழுத் துவக்கையும் புதுசாக்க எண்டு வாங்காதேங்கோ, கோல்ட் ப்ளூ எதெண்டாலும் மெல்லிய தோல்தான், கை பிடிக்கிற இடத்தில திரும்பத் தேயும், பழைய கறுப்போட நிறம் அச்சொட்டாப் பொருந்தவும் மாட்டுது. அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளாஸ்ரிக் ஒண்டிலயும் பிடியாது, இப்பத்த ரைபிளுகளில ட்ரிகர் கார்ட் கனக்க அந்தச் சாமான்தான், ஒரு காந்தத்தை வச்சுப் பாத்திட்டுப் பூசுங்கோ. மாரி தொடங்க முதல் செய்தா நல்லம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில இரும்பைக் காய வைக்கிறதே பெரும்பாடு.

போத்தலில இன்னும் பாதிக்கு மேல கிடக்கு. அம்மம்மா தன்ர பாக்குவெட்டிக்கும் பூசித் தரச் சொல்லிக் கேட்டவ. வாய்க்குப் போற சாமானுக்கு இது கூடாதணை எண்டு சொல்லி, அதை வோட்டர் பேப்பரால தேய்ச்சு மட்டும் குடுத்தன்.