காரைக்குடியில் வாங்கிய பிபி செட்டும் எதிர்வீட்டு ஆச்சியின் கையும்

நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். லீவுக்குக் கானாடுகாத்தான் வந்தபோது, காரைக்குடியில் ஒரு சர்ஜிக்கல் கடையில் முள் காட்டும் பிபி செட்டும் இரண்டு பக்கத் தலை வைத்த ஸ்டெதஸ்கோப்பும் சேர்த்து 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். "பட்டனை அமுக்கினா நம்பர் வர்ற மிஷினை வாங்கியிருக்கலாமே" என்றார் அப்பா. வீட்டு உபயோகத்துக்குச் சரி. படிக்கிறவளுக்குக் காது பழக வேண்டுமே.

பெட்டியைத் திறந்ததும் முள்ளைப் பாருங்கள். காற்று துளியும் இல்லாதபோது அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எனக்குக் கொடுத்த முதல் செட்டில் 6-ல் நின்றது. "ஆறுதானம்மா, கழிச்சுக்க" என்றார் கடைக்காரர். கழிவெல்லாம் ஆடித் தள்ளுபடியோடு போகட்டும் என்று மாற்றி வாங்கிவிட்டேன். ஆரம்பமே தப்பான முள் மேலே போய் எவ்வளவு தப்பும் என்று யார் கண்டது?

மாற்றிய செட்டில் வால்வு நன்றாக இருக்கிறது. நொடிக்கு 2, 3 மில்லிமீட்டர் இறங்கும்படி காற்றை விட வேண்டும் என்பார்கள். திருகு வழுக்காமல் அந்த வேகத்தில் நிற்கிறது. ஸ்டெதஸ்கோப் சுமார்தான். தலையைத் திருப்பினால்தான் மறுபக்கம் திறக்கும். தெரியாமல் முதல் நாள் பத்து நிமிடம் நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விரலால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தால் அந்த அவமானம் மிச்சம். மூச்சுச் சத்தமும் வயிற்றுச் சத்தமும் தட்டைப் பக்கத்தில் தெளிவாகக் கேட்கின்றன. (வயிற்றை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், அமுக்கினால் குடலின் சத்தம் மாறிப்போகும்.)

உண்மையான பரீட்சை எதிர்வீட்டு ஆச்சியிடம். வயது 78, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். நான் போனபோது அப்போதுதான் காபி குடித்து முடித்து, மருமகளைப் பற்றி ஆரம்பித்திருந்தார். அந்தப் பேச்சோடு பேச்சாக கஃபை (கையில் சுற்றிக் காற்று ஏற்றும் பட்டை) சுற்றி 150 வரை ஏற்றினேன். காற்றை விடும் முன்பே காதில் 'டப் டப்'. அப்புறம்தான் மேம் சொன்னது நினைவுக்கு வந்தது: மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டே ஏற்று, நாடி மறையும் இடத்துக்கு மேல் 30 ஏற்று. பிரஷர் உள்ள சிலருக்குச் சத்தம் நடுவில் காணாமல் போய்த் திரும்ப வரும். நாடியை விட்டுவிட்டால் அந்த இடைவெளியில் ஏமாந்துபோவோம். அப்படிச் செய்தபோது மேல் அளவு 168.

காபியும் பேச்சும் அளவைக் கூட்டியிருக்கும் என்று அரை மணி நேரம் கழித்து, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நாற்காலி போட்டு முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் ஆத்தங்குடிக் கல்லில் பட உட்கார வைத்தேன். கை நெஞ்சு உயரத்துக்கு வர மேஜையில். ஐந்து நிமிடம் பேசக்கூடாது என்றேன். "அது எப்படி ஆத்தா முடியும்?" என்றார். ஆனாலும் இருந்தார். 146.

அந்த 146-ஐயும் முழுசாக நம்ப முடியவில்லை. இந்த செட்டின் பெரிய குறையே இதுதான்: ஒரே அளவு கஃப். 27 முதல் 34 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு அது சரி. ஆச்சியின் கையைத் தையல் டேப்பால் அளந்தால் 23. உள்ளே இருக்கும் காற்றுப் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் இருக்க வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய கஃப் போட்டால் அளவு குறைத்துக் காட்டும்; பருத்த கைக்குச் சின்னது போட்டால் கூட்டிக் காட்டும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடையில் கேட்டால், "எல்லாரும் இதைத்தாம்மா வாங்குறாக" என்றார்.

கஃபின் ஒட்டுப் பட்டையும் லேசு. 180 தாண்டினால் ஓரம் பிரிகிறது.

வாங்கலாமா என்றால், சின்ன கஃபும் சேர்த்துத் தந்தால் வாங்கலாம். எனக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்கள், தனியாக 350 ரூபாய். அது வரும்வரை ஆச்சியின் நோட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் 'பெரிய கஃப்' என்று எழுதி வைக்கிறேன்.